அளவையும் ஏதுப்போலியும்: இந்தியக் கணினியியல் ஆய்வை அளத்தல் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் ஆய்வு வளத்தை எண்ணிக்கையால் அறிய இயலுமா என்னும் வினா அறிவியல் கொள்கை வகுப்போர்க்கு மட்டும் உரியதன்று. அஃது அறவியல் வினாவாகவும் அமைகின்றது. எண்ணிக்கையின் அடிப்படையில் பணி வழங்கப்படுகின்றது, பதவி உயர்வு அளிக்கப்படுகின்றது, நிதி பகிரப்படுகின்றது, கல்வி நிறுவனங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. அளக்கும் கோல் பிழைபடுமாயின் அப்பிழை கணக்கேட்டோடு நின்றுவிடுவதில்லை. மனிதர் வாழ்வையும் தொடுகின்றது.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை வெளியிட்டுள்ள கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் அறிவியல், பொறியியல் துறைகளில் இந்தியாவிலிருந்து வெளிவந்த கட்டுரைகள் 2 இலட்சத்தைக் கடந்தன. சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளை அடுத்து இந்தியா மூன்றாம் இடத்தைப் பெற்றது. அதே நாடு 2020-21ஆம் ஆண்டில் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டையே ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது. முதல் எண்ணை மட்டும் காண்பவர் பெருமிதம் கொள்வர். இரண்டாம் எண்ணை மட்டும் காண்பவர் கவலையுறுவர். இரண்டையும் சேர்த்துக் காண்பவர் குறைந்த செலவில் மிகுந்த விளைவு என வியக்கலாம். கட்டுரையென எண்ணப்பட்டவை யாவும் ஆய்வுதாமா என ஐயுறவும் செய்யலாம். இவ்விரு முடிவுகளுள் எது சரியானது என்பதை அவ்வெண்களே சொல்லிவிடா.

வளரும் நாடொன்று தன் ஆய்வை அளந்துகொள்ளும்போது எதை எண்ண வேண்டும், எவ்வாறு எண்ண வேண்டும், எண்ணியதை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இந்தியக் கணினியியல் துறையைச் சான்றாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவை என்னும் சொல்

தமிழில் 'அளவை' என்னும் சொல் இருபொருள் உடையது. முகத்தல், நிறுத்தல், நீட்டல் முதலிய அளக்கும் செயல்களைக் குறிப்பது ஒன்று. மெய்ம்மையை அறிதற்குரிய வழியைக் குறிப்பது மற்றொன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என்னும் இரண்டையே அளவைகளாகக் கொள்கின்றார். சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவை இலக்கணத்தோடு தொடங்குகின்றது. ஒரு பொருளை அளப்பதற்குமுன், அளக்கும் வழி மெய்யறிவு தருமா என்று வினவும் மரபு தமிழுக்குப் புதிதன்று.

இம்மரபின்வழி நோக்கின், கட்டுரைகளை எண்ணி ஆய்வை மதிப்பிடுதல் காட்சியளவை ஆகாது, கருதலளவையே ஆகும். புகையைக் கண்டு நெருப்புண்டு எனத் துணிவது போல, கட்டுரையைக் கண்டு ஆய்வுண்டு எனத் துணிகின்றோம். புகைக்கும் நெருப்புக்கும் விட்டு நீங்காத தொடர்பு இருப்பதனாலேயே அக்கருதல் செல்லுபடியாகின்றது. பனியையோ தூசியையோ புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிந்தால் அது போலியாகிவிடும். அறவண அடிகள் ஏதுப்போலிகளை விரித்துக் கூறுவதன் நோக்கம், ஏதுப்போலத் தோன்றுவதெல்லாம் ஏதுவன்று என அறிவுறுத்துவதே.

ஆய்வு மதிப்பீட்டில் இச்சிக்கல் மேலும் ஒருபடி ஆழமானது. நெருப்பைத் தேடுபவர் புகையைப் பார்க்கிறார் என்பது நெருப்புக்குத் தெரியாது. தம்மைப் பிறர் எதைக்கொண்டு அளக்கின்றனர் என்பதை ஆய்வாளர் நன்கறிவர். புகைக்குப் பரிசு உண்டெனத் தெரிந்தபின் நெருப்பின்றியே புகை எழுப்பும் கலை வளர்கின்றது. ஓர் அளவுகோலைக் கொண்டு மக்கள் செயலைக் கட்டுப்படுத்த முற்பட்டவுடன் அதில் அதுவரை காணப்பட்ட ஒழுங்கு குலைந்துவிடும் என ஆங்கிலப் பொருளியலறிஞர் சார்லசு குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையை முன்னிட்டுக் கூறிய கருத்து இதனோடு ஒத்தது. ஏது ஏதுப்போலியாக மாறும் நிகழ்வு என இதனைத் தமிழளவை நெறியில் கூறலாம்.

கோலின் வரலாறு

நூல்களையும் நூலகப் பயன்பாட்டையும் எண்ணிக்கையால் ஆராயும் துறைக்கு வித்திட்டோருள் ஒருவர் தமிழர் என்பது நினைக்கத்தக்கது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நெறிப்படுத்திய எஸ். ஆர். இரங்கநாதன் 1948இல் இங்கிலாந்தில் நடைபெற்ற நூலகவியல் மாநாட்டில் நூலக அளவியல் என்னும் கருத்தை முன்மொழிந்தார். நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது. அவ்விதியோடு சேர்த்து நோக்கினால் அவர் கருதிய எண்ணுதலின் பயன் விளங்கும். எண்ணுதல் வாசகர்க்குத் தொண்டு செய்வதற்கான கருவி. வாசகரையோ நூலாசிரியரையோ தரவரிசைப்படுத்துவது அதன் நோக்கமன்று.

அறிவியல் மேற்கோள் சுட்டியின் தோற்றமும் இத்தகையதே. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் அதனை முன்மொழிந்தபோது, ஒரு கருத்து எந்தெந்தக் கட்டுரைகளில் எடுத்தாளப்பட்டுள்ளது எனத் தேடிக் கண்டறிய உதவும் கருவியாகவே அறிமுகப்படுத்தினார். 1964இல் அச்சுட்டி முறையாக வெளிவரத் தொடங்கியது. நாளடைவில் தேடுதற்கருவி மதிப்பிடும் கருவியாயிற்று. இதழ்களை ஒப்பிடத் தாக்கக் காரணி பயன்பட்டது. 2004இல் ஸ்கோப்பசு, கூகுள் ஸ்காலர் ஆகிய தரவுத்தளங்கள் தோன்றின. 2005இல் இயற்பியலாளர் ஓர்கே ஹிர்ஷ் தனியொருவரின் ஆய்வுப்பணியை ஒரே எண்ணாகச் சுருக்கும் 'எச்' சுட்டெண்ணை முன்வைத்தார். இந்தியாவில் 2015இல் அறிவிக்கப்பட்டு 2016இல் முதல் தரவரிசையை வெளியிட்ட தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பும் பன்னாட்டுத் தரவுத்தளங்களிலிருந்தே கட்டுரை எண்ணிக்கையைப் பெறுகின்றது.

ஒன்றுக்காகச் செய்யப்பட்ட கருவி வேறொன்றுக்குப் பயன்படுவது தவறன்று. ஆயினும் பயன் மாறும்போது கருவியின் தகுதியை மீண்டும் ஆராய்வது கடமையாகும். நெல் அளக்கும் மரக்காலால் பொன்னை அளப்பவர், கருவியைக் குறை கூறுவதற்கில்லை.

கணினியியலின் தனித்தன்மை

இயற்பியல், வேதியியல் போன்ற துறைகளில் ஆய்வின் இறுதி வெளிப்பாடு இதழ்க் கட்டுரையாகும். கணினியியல் இவ்வழக்கத்தினின்று வேறுபட்டது. இத்துறையின் முதன்மையான கண்டுபிடிப்புகள் பல, கடுமையான நடுவர் மதிப்பீட்டுக்கு உட்படும் மாநாடுகளிலேயே முதலில் வெளிப்படுகின்றன. பெரும்பாலான கட்டுரைகளைத் திருப்பியனுப்பும் மாநாடுகள் உண்டு. மென்பொருள், வன்பொருள், தரவுத் தொகுப்பு ஆகியனவும் ஆய்வு வெளிப்பாடுகளே. அமெரிக்கக் கணினியியல் ஆய்வுச் சங்கம் 1999இல் வெளியிட்ட பரிந்துரைக் குறிப்பில், கணினியியலாளரை மதிப்பிடும்போது மாநாட்டுக் கட்டுரைகளுக்கும் உருவாக்கிய கருவிகளுக்கும் உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என வலியுறுத்தியது. இவ்வழக்கம் நன்றா என்னும் விவாதமும் அத்துறைக்குள்ளேயே நிகழ்ந்துள்ளது. 2009இல் மோஷே வார்டி அவ்விவாதத்தை முன்னெடுத்தார்.

இந்தியாவில் இத்துறை இளமையானதன்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஃப்ராக் கணிப்பொறி 1960இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. 1963இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்டது. 1966இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு கணிப்பொறியை உருவாக்கின. மென்பொருள் தொழில்நுட்பம், கோட்பாட்டுக் கணினியியல் ஆகியவற்றின் அடிப்படைகள் குறித்த ஆண்டு மாநாடு 1981இல் பெங்களூரில் தொடங்கிற்று. டிஃப்ராக்கை உருவாக்கியோரின் உழைப்பைக் கட்டுரைகளின் தொகையால் அளந்தால் கிடைப்பது சிறு எண். அவ்வுழைப்பு ஒரு தலைமுறைக்குக் கணிப்பொறியை அமைக்கவும் இயக்கவும் கற்றுத்தந்தது. அப்பயிற்சி எப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வகுத்த விதிகளில் ஆசிரியரின் கல்விசார் செயற்பாட்டுக்குப் புள்ளிகள் வரையறுக்கப்பட்டன. நடுவர் மதிப்பீட்டு இதழில் வெளியாகும் கட்டுரைக்கு 15 புள்ளிகளும், மாநாட்டுத் தொகுப்பில் வெளியாகும் முழுக்கட்டுரைக்கு 10 புள்ளிகளும் அளிக்கப்பட்டன. எல்லாத் துறைகளுக்கும் ஒரே நீதி என்னும் நல்லெண்ணம் இதில் உண்டு. எனினும் உலகின் தலைசிறந்த கணினியியல் மாநாட்டில் இடம்பெற்ற கட்டுரை, எளிதில் இடம்தரும் ஓர் இதழில் வெளியான கட்டுரையினும் தாழ்ந்ததாகக் கணக்கிடப்பட இது வழிவகுத்தது. வேறுபட்டவற்றை ஒருபடித்தாக நடத்துவது சமன்மை போலத் தோன்றும். அது நடுவுநிலைமை ஆகாது. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் சான்றோர்க்குத் துலாக்கோலை உவமையாக்குகின்றது. அக்கோல் பாரம் ஏற்றுவதற்கு முன்னரே தான் சமமாக நிற்பதாலன்றோ நம்பத்தக்கதாகின்றது!

எண்ணில் அடங்காத இருவகை ஆய்வுகள்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் 2002 ஆகஸ்டில் ஓர் எண் பகா எண்ணா என்பதை உறுதியாகவும் விரைவாகவும் கண்டறியும் வழியை வெளியிட்டனர். நெடுங்காலம் விடை காணப்படாதிருந்த வினா அது. பின்னிருவரும் அப்போதுதான் இளநிலைப் பொறியியல் பட்டம் பெற்றிருந்தனர். கட்டுரை முதலில் கழகத்தின் இணையத்தளத்தில் வைக்கப்பட்டது; வல்லுநர்க்கு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. சில நாள்களிலேயே உலகெங்கும் அறிஞர் அதனைச் சரிபார்த்து ஏற்றனர். கணித இதழில் அது அச்சேறியது 2004இல்தான். 2006இல் அதற்குக் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் கிடைத்தன. 2002ஆம் ஆண்டின் இதழ்க் கட்டுரைகளை எண்ணியவர் கணக்கில் இந்த ஆய்வின் மதிப்பு சுழியம். 2004ஆம் ஆண்டுக் கணக்கில் அதன் மதிப்பு ஒன்று. அதே ஆண்டில் வெளிவந்து எவராலும் படிக்கப்படாத கட்டுரையின் மதிப்பும் ஒன்றே.

அரிய சாதனையை அடிப்படையாக வைத்துப் பொதுவிதி வகுத்தல் இயலாது என இதற்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. எனவே அரியதல்லாத, ஆனால் நாட்டுக்கு இன்றியமையாத மற்றொரு வகையையும் கருதவேண்டும். 1990களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் டெனெட் குழு, செலவு குறைந்த கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பு முறையாகிய கார்டெக்ட்டை உருவாக்கியது. ராஜீவ் சங்கல் முதலானோர் பாணினியின் இலக்கண நெறியைக் கணினிவழி மொழியாய்வுக்குப் பொருத்தி, இந்திய மொழிகளுக்கிடையே உரையைக் கைமாற்றும் அனுசாரகா என்னும் கருவியை உருவாக்கினர்; 1995இல் நூலும் வெளியிட்டனர். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அச்சிட்ட வங்க எழுத்துகளைக் கணினி படித்தறிவதற்கான முழுமையான முறை உருவாக்கப்பட்டு 1998இல் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில் 1999இல் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது.

இவற்றுள் சிலவற்றுக்குப் பன்னாட்டு இதழ்களில் இடம் கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. விசைப்பலகையைத் தரப்படுத்துவோர்க்கு மேற்கோள்கள் குவிவதில்லை. சொல்லடைவும், எழுத்துப் பிழை நீக்கப்பட்ட உரைத்தொகுப்பும் உருவாக்குதற்குப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு முடியும்வரை வெளியிடத்தக்க கட்டுரை ஒன்றும் கிடைக்காமற்போகலாம். ஆங்கிலத்தில் முன்னரே உள்ள தரவுத்தொகுப்பை எடுத்து, முறையைச் சிறிது மாற்றி, விளைவை ஓரிரு விழுக்காடு உயர்த்திக் காட்டுவோர்க்கு ஆறு மாதத்தில் கட்டுரை உண்டு. இளம் ஆய்வாளர் எதைத் தேர்வர் என்பதை ஊகிக்க இடர்ப்பாடு இல்லை. இவ்வாறு அளவுகோல் செய்த பணியை மதிப்பிடுவதோடு, செய்யப்படப்போகும் பணியையும் முன்கூட்டியே தெரிவு செய்துவிடுகின்றது. நாட்டின் வினாக்களை நாட்டுக்கு வெளியே செய்யப்பட்ட கோல் தீர்மானிக்கும் நிலை இது.

புகை மட்டும் எழுப்புதல்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருத்தல் வேண்டும் என்றும், மாநாடுகளில் இரு கட்டுரைகள் அளித்திருத்தல் வேண்டும் என்றும் மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதி கூறிற்று. 2022ஆம் ஆண்டு விதிகளில் இக்கட்டாயம் நீக்கப்பட்டது. தகுதியான இதழ்களை வரையறுக்க 2019இல் நடைமுறைக்கு வந்த கேர் பட்டியலையும் கைவிடுவதாக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்தது. விதி வகுத்தோரே அவ்விதியின் விளைவைக் கண்டு தம் நிலையை மாற்றிக்கொண்டனர் என்பது இவற்றால் புலனாகின்றது.

காசுக்குக் கட்டுரை வெளியிடும் இதழ்கள் இக்காலத்தில் பெருகின. 2013இல் ஜான் பொஹானன் என்னும் எழுத்தாளர் வெளிப்படையான பிழைகள் நிரம்பிய போலிக் கட்டுரையை 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றன. 2021இல் கீயோம் கபனக் முதலிய மூவர் மற்றொரு போக்கை வெளிப்படுத்தினர். பிறர் கட்டுரையைக் களவாடி, களவு தெரியாதவாறு மென்பொருளால் சொற்களை மாற்றியதன் அடையாளங்களை அவர்கள் கணினியியல் இதழ்களில் கண்டனர். 'செயற்கை நுண்ணறிவு' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர் 'போலி நனவு' எனப் பொருள்படும் தொடராகவும், 'பெருந்தரவு' எனப் பொருள்படுவது 'மாபெருந் தகவல்' என்பது போன்றதாகவும் மாறியிருந்தன. துறையின் அடிப்படைக் கலைச்சொல்லே மாறியிருந்தும் நடுவரோ பதிப்பாசிரியரோ அதனைக் காணவில்லை. 2023இல் ஹிந்தாவி என்னும் ஒரு பதிப்பகம் மட்டும் 8000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. இது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. ஆயினும் பணியும் பட்டமும் எண்ணிக்கையோடு இறுகப் பிணைக்கப்பட்ட இடங்களில் இது எளிதில் வேர்விடும் என்பது தெளிவு.

இக்குற்றத்துக்குப் பொறுப்பாவார் யார்? போலிக் கட்டுரை எழுதியவர் முதற்பொறுப்பாளர் என்பதில் ஐயமில்லை. அவர் பொய்ச்சான்று அளித்தவர். ஆயினும் ஆய்வுக்கூடமோ, நூலகமோ, ஓய்வு நேரமோ தராமல், வாரம் முழுதும் வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம் ஆண்டுதோறும் கட்டுரை கேட்ட நிறுவனமும் பொறுப்பினின்று விலக முடியாது. செய்ய இயலாததை விதித்துவிட்டுச் செய்ததாகக் காட்டும் தாளை ஏற்பவர், பொய்யை விலைக்கு வாங்குபவராவர். இவ்விருவருக்கும் இடையே பேசப்படாத மூன்றாமவர் ஒருவர் உண்டு. ஐந்தாண்டு உழைத்து இரண்டு நேர்மையான கட்டுரைகள் எழுதி, பன்னிரண்டு கட்டுரைகள் காட்டியவரிடம் வேலையை இழந்தவர் அவர். அவர் மதிப்பீட்டில் தோல்வியுறவில்லை. மதிப்பீடே அவரிடம் தோற்றது. ஆயினும் இழப்பு அவருடையது. ஏதுப்போலியால் விளையும் தீங்கை அளவைநூலில் மட்டும் காண்பவர்க்கு இவ்விழப்பு தெரியாது.

எண்ணுதலுக்கு ஆதரவான வாதம்

எண்ணிக்கையை அறவே விட்டு, வல்லுநர் தீர்ப்பை மட்டும் நம்பலாம் எனச் சிலர் கூறுவர். இதற்கு எதிரான வாதம் வலிமை வாய்ந்தது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வல்லுநர் குழுவிலும் சாதிப்பற்று, வட்டாரப்பற்று, மாணவப்பற்று ஆகியன புகும். பெருநகர நிறுவனத்தில் பயின்றவர்க்குப் பரிந்துரைப்போர் பலர் இருப்பர். மாவட்டத் தலைநகரில் உள்ள கல்லூரியில் பயின்ற முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அத்தகையோர் இலர். எவரும் மறுக்கவியலாத ஓர் எண்ணே அவருக்குத் துணை. புள்ளிமுறையின் பிறப்பில் இந்நியாயம் உண்டு. பொதுப்பணத்தில் நடைபெறும் ஆய்வுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை மக்களுக்கும் உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மட்டும் மூன்றாண்டுகளுக்கு ரூ.6000 கோடி ஒதுக்கப்பட்டது. இதன் பயனைக் கேட்பது குற்றமாகாது.

ஆகவே வினா எண்ணிக்கை வேண்டுமா, வேண்டாவா என்பதன்று. எண்ணுக்கு எவ்விடம் தருவது என்பதே வினா. நீதிமன்றத்தில் சாட்சிக்கும் நீதிபதிக்கும் வேறுபாடு உண்டு. சாட்சி குறுக்கு விசாரணைக்கு உட்படுபவர். நீதிபதி காரணம் காட்டித் தீர்ப்பெழுதுபவர். எண்ணிக்கை சாட்சியாக நிற்கும்போது அது வல்லுநரின் ஓரவஞ்சனையைத் தடுக்கின்றது. அதுவே நீதிபதியாகிவிட்டால் காரணம் கேட்க எவரும் இலர். வல்லுநர் காரணம் எழுதாது தீர்ப்பளித்தாலும் இதே தீங்கு நேரும். 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ அறிக்கை, இதழின் தாக்கக் காரணியைத் தனியாளை அளக்கப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2015இல் வெளியான லெய்டன் அறிக்கை, எண்கள் வல்லுநர் மதிப்பீட்டுக்குத் துணையாக வேண்டும் என்றும், வட்டாரத் தேவை சார்ந்த ஆய்வு காக்கப்பட வேண்டும் என்றும் கூறிற்று. வளரும் நாடுகளுக்கு இரண்டாவது நெறி இன்றியமையாதது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. கட்டுரை எண்ணிக்கை கருதலளவையைச் சார்ந்தது. கட்டுரைக்கும் ஆய்வுக்கும் உள்ள தொடர்பு நிலைத்துள்ளதா என்பது காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும்.

2. தேடுதற்குச் செய்யப்பட்ட சுட்டிகள் தீர்ப்பளிக்கப் பயன்படுத்தப்படும்போது, துறைதோறும் அவற்றின் பொருத்தம் தனியே ஆராயப்பட வேண்டும். கணினியியலில் மாநாட்டுக் கட்டுரை, மென்பொருள், தரவுத்தொகுப்பு ஆகியன கணக்கில் இடம்பெறுதல் நீதியாகும்.

3. நாட்டின் மொத்த ஆய்வை அறிய உதவும் எண் வேறு. தனியாளின் தகுதியை அறிய உதவும் எண் வேறு. முதலாவதில் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்யலாம். இரண்டாவதில் பிழையின் சுமை முழுவதும் ஒருவர் தோளில் விழும். ஆதலின் பின்னதில் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும்.

4. பணித்தேர்விலும் பதவி உயர்விலும், விண்ணப்பிப்போர் தாமே தேர்ந்தளிக்கும் சில படைப்புகளைக் குழுவினர் படித்துக் காரணத்தை எழுத்தில் தருதல் வேண்டும். எண் அத்தீர்ப்பைச் சரிபார்க்கப் பயன்படலாம்.

5. ஆய்வு செய்வதற்குரிய நேரமும் கருவியும் தராத இடத்தில் ஆய்வு வெளியீட்டைக் கட்டாயமாக்குதல் அறமாகாது.

இந்திய மொழிகளுக்குரிய கணினிக் கருவிகள் இன்னும் பல உருவாக வேண்டியுள்ளன. அவற்றை உருவாக்குவோர் நெடுநாள் உழைத்து, குறைவாக வெளியிடுவோராக இருப்பர். தமிழ்த்துறைகளின் ஒத்துழைப்பின்றி அப்பணி நிறைவேறாது. அத்துறைகளின் ஆய்விதழ்களுள் பலவும் பன்னாட்டுத் தரவுத்தளங்களில் இடம்பெறாதவை. இலக்கணம் அறிந்த தமிழாசிரியரும் நிரல் எழுதும் கணினியியலாளரும் சேர்ந்து ஒரு சொல்லடைவை உருவாக்கினால், இருவர் கணக்கிலும் அதற்கு இடமில்லாத நிலையே இன்று பெரும்பாலும் உள்ளது. அந்நிலை மாறுவதற்குரிய முதல் முயற்சியைப் பல்கலைக்கழகங்கள் தத்தம் தேர்வுக் குழுக்களிலேயே தொடங்க இயலும்.